ஓய்வு நாள் யாருக்கு?

(பொதட்டூர்பேட்டையில் நெசவுத் தோழர்களிடையே பேசியதன் சாரம்)



ஓய்வு நாளைப் பற்றியும் பொழுதுபோக்கைப் பற்றியும் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். “கரண்டு போனால்தான் நமக்கு ஓய்வு, கரண்டு வந்தால் அதுவும் போயிற்று. இதில் பொழுதைப் போக்குவதற்கு ஒரு பிரசங்கமா?” என்று நினைத்திருப்பீர்கள். நினைப்பது நியாயமே. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் நமது சங்கடம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொல்லவே நாம் வந்தோம்.

நமது நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பாடுபடாதவன் சும்மா இருந்தால் அதற்கு நிஷ்டை, தவம், ரசனை என்று பெயர். பாடுபடுகிறவன் அரை நாள் திண்ணையில் சாய்ந்தால் அதற்குச் சோம்பல் என்று பெயர். முன்னவன் காற்று வாங்கப் போனால் உல்லாசம். பின்னவன் போனால் ஊர் சுற்றுவது. இந்தப் பேச்சை நாமும் நம்பிவிட்டபடியால், ஓய்வு கேட்பதே ஏதோ திருட்டுத்தனம் போல நமக்கு வெட்கமாயிருக்கிறது. உழைப்புக்குக் கூலி கேட்பதில் எவ்வளவு மானமிருக்கிறதோ, அவ்வளவு மானம் ஓய்வு கேட்பதிலும் இருக்கிறது என்பதுதான் நமது அபிப்பிராயம்.

நெசவாளர், தச்சர், கொத்தனார் முதலிய கைத்தொழிலாளிகள் அமாவாசையன்று வேலையை நிறுத்துவது பல ஊர்களில் பழைய வழக்கம். கணக்குப் பாருங்கள். வருஷத்தில் அமாவாசை 12 வரும், தப்பினால் 13. ஞாயிற்றுக்கிழமையோ 52. ஆகச் சந்திரன் பார்த்து நமக்குக் கொடுத்தது 12. மனிதன் கேட்டு வாங்கியது 52. எது பெரிது?

அந்த 12-ம் யாருக்கு ஓய்வு? முதுகு வலிக்கிறதே என்று அந்த நாளை யாரும் ஒதுக்கவில்லை, பிதிர்களுக்காக ஒதுக்கினார்கள். தறி நிற்கிறது, அடுப்பு நிற்கிறதா? அன்றைக்குத்தான் வீடு மெழுக வேண்டும், தலை முழுக வேண்டும், நாலு வகைக் காய் சமைக்க வேண்டும். ஆண்பிள்ளை ஒரு நாள் ஓய்வெடுக்க, பெண்பிள்ளைக்கு இரண்டு நாள் வேலை என்றால், அதை விடுமுறை என்று எப்படிச் சொல்வது?

நிற்க, இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு எப்படி வந்தது? வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போனான். அதனால் நமக்கும் வந்தது என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தனுக்கு அப்படி வந்திருக்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு அப்படி வரவில்லை.

பம்பாயில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில், விடிந்தது முதல் இருட்டும் வரையில் கூலிகள் நின்று கொண்டே வேலை செய்தார்கள். வாரத்தில் நிச்சயமான ஒரு நாள் ஓய்வு கிடையாது. அப்பொழுது நாராயண் மேகாஜி லோகண்டே என்ற ஒருவர் கிளம்பினார். அவர் ஜோதிராவ் பூலேயின் தோழர்; சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்தவர்; ‘தீனபந்து’ என்ற பத்திரிகையை நடத்தியவர். பிறவியில் உயர்வு தாழ்வு இல்லையென்று சொன்ன அதே கூட்டத்தார்தான், உழைக்கிறவனுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றும் கேட்டார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1884-இல் 5,500 தொழிலாளிகளின் கையெழுத்தோடு அவர்கள் ஒரு விண்ணப்பம் செய்து கொண்டார்கள். ஞாயிறு ஓய்வு வேண்டும், நடுப்பகலில் அரைமணி நேரம் இடைவேளை வேண்டும் என்பவை அதில் கண்ட கோரிக்கைகளில் சில. உடனே கிடைத்ததா? இல்லை. ஆறு வருஷம் ஆயிற்று. 1890 ஏப்ரலில் சுமார் 10,000 பேர் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளிகளும் எழுந்து பேசினார்கள். அதன் பிறகே, 1890 ஜூன் 10-ந் தேதி ஆலை முதலாளிகள் சங்கத்தார் வார ஓய்வுக்குச் சம்மதித்தார்கள். மறு வருஷம் 1891-இல் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலும் வார ஓய்வு ஏறிற்று.

நமது சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1923 மே 1-ந் தேதி தோழர் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் ஐகோர்ட்டு அருகிலுள்ள கடற்கரையிலும் மே தினக் கூட்டம் கூட்டினார். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அதுவே. எட்டு மணி நேர வேலை என்பதுதான் அந்த நாளின் பொருள். சுதந்திரத்திற்குப் பிறகு வந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணிக்கு மேல் கூடாதென்றும், வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டென்றும் விதித்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் ஒரு நாளைக்கு 12 மணி வேலைக்கு இடம் தரும் திருத்தம் ஒன்று நிறைவேறியதும், எங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும், அந்த மே 1-ந் தேதியே அது வாபசென்று முதல்வர் அறிவித்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஆகவே, கிடைத்த ஓய்வும் காவலில்லாவிட்டால் நிலைக்காது என்று தெரிகிறதல்லவா?

இனி நமது ஊருக்கு வருவோம். சட்டம் எழுதியவர்கள் பெரிய ஆலையை மனதில் வைத்து எழுதினார்கள். வீட்டுக்குள் இரண்டு தறியும் கொட்டகையில் நாலு தறியும் போட்டு ஓட்டுகிறவனை அது எட்டிப் பார்க்கவில்லை. இங்கே கூலி நாளுக்கல்ல, நெய்த துணிக்கு. “ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தினால் அந்த நாள் கூலியை யார் கொடுப்பது? நீங்களா?” என்று ஒரு தோழர் சற்று முன்பு கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் நாம் போகக் கூடாது.

தோழர்களே! ஒருவன் மட்டும் ஏழாவது நாளும் ஓட்டினால் அவனுக்கு ஒரு நாள் கூலி லாபம். உண்மைதான். ஆனால் ஊர் முழுவதும் ஏழு நாளும் ஓட்டினால் என்ன ஆகும்? துணி குவியும், குவிந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் கூலியை உயர்த்தச் சொல்ல நமக்கு வாயிருக்காது. கடைசியில் ஆறு நாள் கூலியைத்தான் ஏழு நாளைக்குப் பங்கு போட்டுக் கொள்வோம். ஏழாவது நாள் உழைப்பு இனாமாகப் போகும். ஆதலால் ஒருவன் நிறுத்தினால் நஷ்டம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் நஷ்டமில்லை. கூலி பேசும்போதே, ஆறு நாள் நெசவில் ஏழு நாள் சாப்பாடு இருக்கும்படி பேச வேண்டும். உடனே நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. பம்பாய்க்கே ஆறு வருஷம் ஆயிற்று. கேளாமல் எது வந்தது? இந்தத் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததே, அது கேளாமலா வந்தது?

சரி, ஓய்வு கிடைத்துவிட்டதென்றே வைத்துக் கொள்வோம். அதை என்ன செய்கிறோம்? ஒரு பாதி சாராயக் கடைக்கும் சீட்டுக்கும் போகிறது. இப்பொழுது சீட்டும் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பணம் வைத்தாடும் அந்த ஆட்டங்களைத் தடுக்க 2025-இல் ஒரு மத்தியச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. மற்றொரு பாதி நேர்த்திக் கடனுக்குப் போகிறது. கடன் வாங்கி வண்டி வைத்து, வரிசையில் நாள் முழுவதும் நின்று, கால் வலியோடு திரும்பி, திங்கட்கிழமை கண் எரிய எரியத் தறியில் நிற்பதற்குப் பெயர் ஓய்வா? போகிறவர்களை நாம் தடுக்கப் போவதில்லை. இதில் உடம்புக்கு என்ன வந்தது, அறிவுக்கு என்ன வந்தது என்று திரும்பி வரும் வழியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

அதற்குப் பதிலாக ஒரு யாத்திரை சொல்லுகிறோம். பள்ளிப்பட்டுப் பக்கமாக ஓடும் கொசஸ்தலை ஆற்றை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே போய்ப் பூண்டி ஏரியில் தேங்கிச் சென்னைக்குக் குடிதண்ணீராகிறது. அந்த நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டது. காலையில் பஸ் ஏறித் திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போனால் மாலையில் வீடு திரும்பலாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகளோடு போங்கள். அணையைப் பாருங்கள். அங்கேயே சர்க்காரின் பழங்கற்காலக் காட்சிசாலை ஒன்றிருக்கிறது. அதற்குள் நுழைந்து பாருங்கள். கையடக்கமான கற்கோடரிகளை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்ற ஊரில் 1863-ஆம் வருஷம் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி கண்டெடுத்தவற்றின் வகை அவை. அவ்விடத்திலேயே பின்னால் சாந்தி பப்பு என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவரது கூட்டத்தாரும் தோண்டி ஆராய்ந்து, அங்கேயுள்ள மிகப் பழைய கருவிகள் 10 லட்சம் வருஷத்துக்கும் மேற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டார்கள்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது, கல்தானே என்பீர்கள். கல்தான். ஆனால் நம்மைப் போல் இரண்டு கையுள்ள ஒருவன், எந்தப் பக்கம் தட்டினால் கூர் விழும் என்று யோசித்துத் தட்டிய கல். எந்தத் தேவனும் வானத்திலிருந்து ஆயுதம் இறக்கிக் கொடுக்கவில்லை. அந்தக் கல்லிலிருந்து உங்கள் விசைத்தறி வரைக்கும் எல்லாம் கை செய்த வேலை, மூளை செய்த வேலை. அந்த முதல் கல்லைத் தட்டியவனுக்குச் சாதி என்ன, கோத்திரம் என்ன என்று உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய புராணம் நமக்கு வேண்டுமா?

அடுத்தது விளையாட்டு. இளைஞர்கள் சடுகுடு ஆடுவதும் பந்தாடுவதும் நல்ல காரியமே. ஆனால் அணி எப்படிச் சேர்க்கிறோம்? தெருவுக்கு ஒரு அணி என்கிறோம். தெரு என்றால் நம் நாட்டில் சாதி என்றுதானே அர்த்தம்? பால்வங்கர் பாலு என்ற ஒரு தோழரின் கதையைக் கேளுங்கள். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூனாவில் கிரிக்கெட்டு மைதானத்தைச் சீர் செய்யும் கூலியாக இருந்து, வெள்ளைக்காரருக்குப் பந்து போட்டுப் பழகி, பெரிய பந்து வீச்சாளரானார். இந்துக்கள் அணி ஜெயிக்க அவர் கை வேண்டியிருந்தது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து டீ குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் வீசிய பந்தைத் தொட்டால் தீட்டில்லை, அவர் குடித்த குவளையைத் தொட்டால் தீட்டு! 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் அவர் 100-க்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவருடைய தம்பி விட்டல் 1923-இல் அந்த இந்துக்கள் அணிக்கே தலைவரானார். திறமை வழி திறந்தது. ஆனால் தானாகத் திறக்கவில்லை, இடித்துத் திறந்தது. ஆகவே நாம் கேட்பது இதுதான்: எல்லாத் தெருப் பையன்களையும் கலந்து சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள். ஒரே பானையில் தண்ணீர் குடியுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஒரே பந்தியில் உட்காருங்கள்.

கடைசியாகத் தாய்மார்களைப் பற்றி. இதை நாம் கடைசியில் சொல்வதே ஒரு குற்றம்தான். 2019-இல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கு ஒன்றுண்டு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கை வைத்த பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிஷம். ஆணுக்கு 97 நிமிஷம். இது தார் சுற்றுவதையும் தறி பார்ப்பதையும் சேர்க்காத கணக்கு! முதலாளி நமக்கு ஓய்வு கொடுக்கவில்லையென்று கூச்சல் போடுகிறோமே, நாம் நம் வீட்டில் யாருக்காவது ஓய்வு கொடுத்திருக்கிறோமா? பம்பாய்க் கூட்டத்தில் அந்த இரண்டு பெண்கள் எழுந்து பேசினார்களே, அவர்கள் வீடு திரும்பியதும் அடுப்பை யார் மூட்டியிருப்பார்கள் என்று நாம் யோசிப்பதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை ஆண்பிள்ளைகள் சமைக்க வேண்டும். சமைப்பதற்கு மீசை ஒன்றும் தடையல்ல. பெண் குழந்தைகளையும் மைதானத்துக்கு அனுப்புங்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் கபடியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண் ஒருவரும் இருந்தார். சேரிகளைப் பெயர்த்துக் கொண்டு போய்க் குடிவைத்த இடம் அந்தக் கண்ணகி நகர். வயதுக்கு வந்த பெண் ஆடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்குமா?

தோழர்களே! நாம் அதிகம் கேட்கவில்லை. இந்த மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, எல்லாத் தறியும் சேர்ந்து நிற்கட்டும். அன்று ஒரு வேளை அடுப்பு ஆணின் கையில் இருக்கட்டும். ஒரு பஸ் பூண்டிக்குப் போகட்டும். மாலையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் இறங்கட்டும். திங்கட்கிழமை தறியில் நின்று யோசித்துப் பாருங்கள். நஷ்டமென்று தோன்றினால் விட்டுவிடுங்கள். லாபமென்று தோன்றினால் இரண்டாவது ஞாயிற்றைக் கேளுங்கள். கேட்கும் போது எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.