சராசரியா, ஆர்எம்எஸ்ஸா? ஒரு 12 வோல்ட் கணக்கு

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா இருந்தா எடுத்துக்கோங்க.

ஒரு 12 வோல்ட் சப்ளை. அதை பிடபிள்யூஎம் வச்சு ஆன்-ஆஃப் பண்றோம். டியூட்டி சைக்கிள் 25 சதவீதம். அதாவது கால் பங்கு நேரம் 12 வோல்ட், மீதி நேரம் பூஜ்யம். லோடு 12 ஓம் ரெசிஸ்டர். அது எத்தனை வாட் தாங்கணும்?

நிறைய பேர் சராசரி வோல்டேஜை எடுப்பாங்க. 12-ல கால் பங்கு 3. வோல்டேஜோட வர்க்கத்தை ஓமால வகுத்தா பவர். 9-ஐ 12 ஆல் வகுத்தா 0.75 வாட். அப்ப 1 வாட் ரெசிஸ்டர் போதும்னு தோணும்.

இப்ப வேற வழியில பாருங்க. ஆன்ல இருக்கும்போது 144-ஐ 12 ஆல் வகுத்தா 12 வாட். கால் பங்கு நேரம்தான் ஆன். ஆக, சராசரி பவர் 3 வாட். அந்த 1 வாட் ரெசிஸ்டர் கருகிடும்.

காரணம் இதுதான்: சூடு வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால முதல்ல வர்க்கம், அப்புறம் சராசரி, கடைசியா வர்க்கமூலம். இந்த வரிசை மாறக்கூடாது. 144-ல கால் பங்கு 36, அதோட வர்க்கமூலம் 6. ஆர்எம்எஸ் 6 வோல்ட். 36-ஐ 12 ஆல் வகுத்தா அதே 3 வாட்.

சராசரி வேண்டாம்னு சொல்லல. டிசி மோட்டார் வேகத்துக்கும், பேட்டரியில ஏறுற சார்ஜுக்கும் சராசரிதான் பேசும். சூடுன்னு வந்தா ஆர்எம்எஸ்.

நம்ம வீட்டு 230 வோல்ட்டும் ஆர்எம்எஸ்தான். உச்சம் சுமார் 325. முழு சுழற்சிக்கு சராசரி பூஜ்யம். நெகட்டிவ் பாதியை நிமிர்த்திப் போட்டா 207. விலை குறைஞ்ச மல்டிமீட்டர் ஏசியில இந்த 207-ஐ அளந்து, 1.11 ஆல் பெருக்கி 230-னு காட்டும். சைன் வேவுக்கு அது சரி. பிளஸ் 10, மைனஸ் 10-னு மாறுற ஸ்கொயர் வேவ் கொடுத்தா, 10-க்குப் பதிலா 11.1 காட்டும். அதுக்குத்தான் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்.

அதுலயும் ஒண்ணு கவனிங்க. பல ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்கள் ஏசி மோடுல டிசி பங்கைத் தடுத்துடும். நம்ம பிடபிள்யூஎம்முக்கு 5.2 தான் வரும். டிசி மோடுல 3. ரெண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்க: 27-ம் 9-ம் 36. வர்க்கமூலம் 6. கணக்கு சரியாப் போச்சு.

வீட்டுப்பாடம்: டியூட்டி சைக்கிள் 50 சதவீதம்னா ஆர்எம்எஸ் எவ்வளவு? 6-னு வந்தா, நீங்க கண்டுபிடிச்சது சராசரி. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.