வேப்பிலையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கோடை வருகிறது, அம்மை போடும் காலம். அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, பென்னாகரம் பக்கம் ஊரில் இருந்த என் அண்ணனுக்குச் சின்னம்மை போட்டது. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. "ஆத்தா எறங்கியிருக்கா, மருந்து தொடக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். சர்க்கரை மாத்திரையும் அதோடு நின்றது. வெறும் கூழும் இளநீரும்தான். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது, நினைவு தடுமாறியது. தருமபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நுரையீரல் வரை பாதிப்பு. பதினோரு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

அங்கிருந்த டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. தலைமாட்டில் இருந்த வேப்பிலையை எடுக்கச் சொல்லவுமில்லை. "வேப்பிலை இருக்கட்டும் பாட்டி, மாத்திரையும் ஆத்தா குடுத்ததுன்னு நெனச்சுக் குடுங்க" என்றார். அம்மா தன் கையாலேயே கொடுத்தார்.

பழைய வழக்கம் எல்லாமே தப்பில்லை. வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே தெரியும். யாரும் உள்ளே வரமாட்டார்கள். தொற்று நோய்க்கு அது நல்ல ஏற்பாடு. மருந்தை நிறுத்தியதுதான் தப்பு.

நம் வயதுக்காரர்கள் கையைப் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு இருக்கும். அம்மை குத்துகிறவர் வந்தால் ஆத்தா கோபிப்பாள் என்று பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகள் உண்டு. ஆனாலும் விடாமல் குத்தினார்கள். 1977இல் இந்தியாவிலும் 1980இல் உலகம் முழுவதிலும் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதனால் மாரியம்மன் திருவிழா எதுவும் நின்றுவிடவில்லையே!

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்:

* கொப்புளம் தெரிந்த முதல் நாளே டாக்டரைப் பாருங்கள். வைரஸுக்கான மருந்தை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

* சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

* வீட்டில் அம்மை என்றால் மறைக்காமல் செயலாளருக்குச் சொல்லுங்கள். நம் பிளாக்கில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆபத்து. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை லிஃப்ட் பக்கம் வரவேண்டாம். பால், காய்கறியைப் பக்கத்து வீட்டார் வாசலில் வைத்து உதவுங்கள்.

* விரதமோ, ரம்ஜான் நோன்போ, தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றித் தர வழி உண்டா என்று அவர் பார்ப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சாமிக்குச் செய்வதைச் செய்யுங்கள். டாக்டரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். அண்ணன் இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார், மாத்திரை போட்டுக்கொண்டுதான்.