இலைக்குத் தண்ணி, நமக்கு?

(மேலப்பாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



அக்னி நட்சத்திரம் என்றால் வயலில் நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து, வீட்டுக்குள் பீடி சுற்றுகிற நமக்கு என்ன என்று இருந்துவிடுகிறோம். தகரக் கூரைக்குக் கீழே மதியம் உட்கார்ந்தால் தெரியும். தூள் பறக்குமே என்று ஃபேனும் போடுவதில்லை. இலை காயக்கூடாது என்று நனைத்து, ஈரத்துணியில் பொத்திப் பொத்தி வைக்கிறோம். நம்ம தொண்டை காய்ந்தால் மட்டும் "இந்தக் கட்டு முடியட்டும்" என்கிறோம்.

ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? கூச்சமாக இருந்தாலும் பேசத்தான் வேண்டும். எழுந்து ஒதுங்கப் போனால் கணக்குக் குறையும். வயலுக்குப் போகிறவர்களுக்கு ஒதுங்க மறைவிடமே இல்லை. அதனால் காலையிலேயே வாயைக் கட்டிவிடுகிறோம். பிறகு நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம்.

மாசமாக இருக்கிற பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்கணும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024ல் வெளிவந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அதில் சொல்கிறார்கள். நாம் இதைக் கண்ணேறு என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

சுளவுக்குப் பக்கத்திலேயே ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீராகாரம், மோர் நல்லது. ரொம்ப வேர்த்துக் களைத்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கலாம். சுகர், பிரஷர் உள்ளவர்கள் நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் 12 முதல் 3 வரை திண்ணைக்கோ வேப்பமரத்தடிக்கோ சுளவோடு போய்விடுங்கள்.

ஒருத்தி மயங்கினால் நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் உடனே 108க்குப் போன் செய்யணும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதில் உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. அந்தப் பணம் யாருக்கு வேணும்?

குழுவாகச் செய்யக்கூடியதும் இருக்கிறது. கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும். அதற்குச் சங்கத்தில் சின்னக் கடன் கொடுக்கலாம். கழிப்பறை இல்லாத தெருக்களின் பெயரை இன்றே எழுதிக் கொடுங்கள், மனுவைச் சேர்ந்தே கொண்டுபோவோம். மதியம் 3 மணிக்குக் கூட்டம் போடுகிறோமே, அது நம்ம தப்பு. ஏப்ரல், மே மாதங்களில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.