திருப்பிச் சொல்லுங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அழைத்து, "டொக்டர், நீங்க நீரிழிவு பத்திப் பேசுறீங்களா, பிரஷர் பத்திப் பேசுறீங்களா?" என்று கேட்டார். இரண்டைப் பற்றியும் வருடம் முழுக்கப் பேசுகிறேன், இன்றைக்கு என்னை ரேடியோ பற்றிப் பேச விடுங்கள் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, உங்க விருப்பம்" என்றார். அந்த அனுமதியோடு நிற்கிறேன்.

நான் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரி. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் பெற்று, வீட்டிலிருந்தே சிற்றலையில் உலகத்தோடு பேசுபவர்கள் நாங்கள். இலங்கையரின் அழைப்புக் குறி பெரும்பாலும் 4எஸ் என்று தொடங்கும். இந்த உலகத்தில் பெண்களுக்கு வயதே ஏறாது. பதினைந்து வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் அங்கே "யங் லேடி"தான். இங்கே நாம் பழைய மாணவிகள். அங்கே போனால் நான் இன்னும் இளம்பெண்.

என் நிலையம் கொஸ்லந்தவில், அம்மாவின் வீட்டில், பின்னறையில் இருக்கிறது. மேசையில் 100 வாட் பெட்டி ஒன்று, பக்கத்தில் கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு கார் பற்றரி. வெளியே இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு இடையே கட்டிய செம்புக் கம்பி. 20 மீட்டர் அலைவரிசைக்கு சுமார் 10 மீட்டர் நீளக் கம்பி போதும், 40 மீட்டருக்கு சுமார் 20 மீட்டர் வேண்டும். முதல் முறை கட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து, "துணி காயப் போட இவ்வளவு உயரமா?" என்று கேட்டார். நம்ம ஊரின் அமைப்பு தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: தெற்கே திறந்து கிடக்கிறது, வடக்கே ஹப்புத்தளை மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. ஐரோப்பாவும் ஜப்பானும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான். அதைத் தாண்டித்தான் என் குரல் போக வேண்டும்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதத்தின் கடைசி முழுச் சனி, ஞாயிறில் ஓர் உலகப் போட்டி நடக்கும். சிகியூ வேர்ல்ட் வைட் என்பது அதன் பெயர். மொத்தம் 48 மணித்தியாலம். நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கி, திங்கட்கிழமை காலை 5.30க்கு முடியும். அதற்குள் எத்தனை நிலையங்களோடு, எத்தனை நாடுகளோடு பேசுகிறோம் என்பதுதான் போட்டி. வேறு கண்டத்து நிலையம் என்றால் 3 புள்ளி, நம் கண்டத்து வேறு நாடு என்றால் 1. அந்தக் கூட்டுத்தொகையை, தொட்ட நாடுகளும் வலயங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்குவார்கள். உலகத்தை 40 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நாமும் இந்தியாவும் 22, ஜப்பான் 25, நியூசிலாந்து 32.

பேச்சு என்றால் பெரிய பேச்சில்லை. சாப்பிட்டீங்களா, மழையா என்று கேட்கவே நேரமில்லை. நான் அழைப்பேன். ஜப்பானில் ஒருவர் தன் குறியைச் சொல்வார். நான் அவருடைய குறியைத் திருப்பிச் சொல்லி, "ஐம்பத்தொன்பது, இருபத்திரண்டு" என்பேன். 59 என்றால் உங்கள் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, 22 என் வலயம். அவர் "ஐம்பத்தொன்பது, இருபத்தைந்து" என்பார். நன்றி. அடுத்தவர். எல்லாம் பத்து விநாடி.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டார். "இதுக்கா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தே?"

அம்மாவுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் இரண்டு சம்பவங்கள்.

முதலாவது, நான் புதிதாக வைத்தியராகிய காலத்தில் நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு தாய், காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டெங்கு சந்தேகம். அன்று பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னேன்: "காய்ச்சல் விட்டதும்தான் கவனமா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, சோர்வு எது வந்தாலும் உடனே கொண்டு வாங்க. விளங்கிச்சா?" அவர் "சரிங்க" என்றார். வெளியே நீண்ட வரிசை. நானும் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பிள்ளை திரும்பி வந்தபோது கைகால் ஜில்லிட்டிருந்தது, நாடி பிடிபடவில்லை. "காய்ச்சல் விட்டுருச்சேன்னு இருந்துட்டோம்ங்க" என்றார் அந்தத் தாய். கடவுள் புண்ணியம், பிள்ளை பிழைத்தது. ஆனால் அன்றிரவு நான் தூங்கவில்லை. நான் சிங்களத்தில் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் சொல்லவில்லை, தமிழில்தான் சொன்னேன். அவரும் "சரிங்க" என்றார். அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் எவ்வளவு தவறு என்று விளங்கப் பல வருடமாயிற்று.

இரண்டாவது சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நேரத்தில் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. மண்ணுக்குள் போனவர்கள் பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை செய்தேன். கொஸ்லந்தவில் மண்சரிவு என்று வார்டில் யாரோ சொன்னார்கள். அம்மாவுக்கு எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் தொலைபேசி வலையமைப்பு தாங்காது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மௌனம் ஒன்றுதான். மத்தியானத்துக்குப் பிறகே அம்மாவின் குரல் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஹாம் ரேடியோவைப் பற்றித் தேடத் தொடங்கினேன். 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையில் தொலைபேசி செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் அங்கே போய்ச் சிற்றலை மூலம் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள் என்று அறிந்தேன். என்னை அதைவிட அதிகம் உலுக்கியது ஒரு பெண்ணின் கதை. பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர், பதினேழு ஆண்டுகள் ஹாம் ரேடியோ ஒலிக்காத அந்தமானுக்கு 2004 டிசம்பரில் குழுவோடு போனார். உலகெங்கும் உள்ளவர்களோடு பேசி எண்ணிக்கை சேர்க்கத்தான் போனார். டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது, கடல் வந்தது. போர்ட் பிளேயரில் இருந்த அவருடைய நிலையம் அந்த நிமிடத்திலிருந்து உறவினரைத் தேடுவோரின் செய்திகளைச் சுமக்கும் நிலையமாக மாறியது. முதல்நாள் வரை எண்ணிக்கைக்காகப் பயன்பட்ட அதே காது, அதே கை, அதே குறிப்பேடு.

ஆகவே நானும் படித்தேன், பரீட்சை எழுதினேன், கம்பி கட்டினேன். என் முதல் போட்டியில் இருநூறு தொடர்புகூடத் தேறவில்லை. ஒக்டோபர் மாதம் நமக்குப் பின்னேர இடிமழைக் காலமல்லவா? வானம் முழங்கினால் அன்டெனா வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இடி ஓய்ந்து திரும்ப அழைத்தால், இலங்கை அதிகம் கிடைக்காத நாடு என்பதால் ஒரே நேரத்தில் நூறு பேர் கத்துவார்கள். காலை ஓபிடியில் கதவு திறந்ததும் இருக்குமே, அதே கூட்டம். பலத்த குரல்காரரை எடுத்துவிடுவது சுலபம். அவருக்குப் பின்னால், வெறும் 5 வாட்டில் எங்கிருந்தோ ஒருவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருடைய குறியில் இரண்டெழுத்துத்தான் கேட்கும். மற்றவர்களைப் பொறுக்கச் சொல்லி, அந்த இரண்டெழுத்துக்காரரை மட்டும் திரும்பக் கூப்பிட வேண்டும். அவர் பதில் சொல்லும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

போட்டி முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டை அனுப்ப வேண்டும். எல்லாக் குறிப்பேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் எழுதிய குறியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்தத் தொடர்பு செல்லாது, மேலதிகமாக அபராதமும் உண்டு. முதல் வருடம் என் பிழைப்பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலானவை பின்னிரவுப் பிழைகள். அவர்கள் சொன்னதை நான் எழுதவில்லை. அவர்கள் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்த்ததை எழுதியிருந்தேன். அவசரத்தில் குறியைத் திருப்பிச் சொல்லாமல் "சரி, நன்றி" என்று முடித்த இடங்கள்தான் பாதி.

அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தாயின் "சரிங்க" ஞாபகம் வந்தது.

நான் சொன்னேன். ஆனால் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை. ரேடியோவில் அது தொடர்பே அல்ல, பூச்சியப் புள்ளி. பயந்துபோன ஒரு தாய், படித்த ஒருவர் முன்னால் வேறு என்ன சொல்வார்? "சரிங்க" என்றுதான் சொல்வார். தவறு என் பக்கம். அன்றிலிருந்து "விளங்கிச்சா?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும், வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கன்னு எனக்கு ஒருக்கா சொல்லுங்க அம்மா" என்பேன். ஒரு நிமிடம் கூடுதலாகப் போகும். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பிழைகள் அகப்படுகின்றன என்பதை, இங்கே இருக்கும் தாதி அக்காமார் அறிவார்கள்.

மீரியபெத்தவையும் நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: என்னிடம் அன்று ஒரு ரேடியோ இருந்திருந்தாலும் மலை நின்றிருக்காது. அது அபாயமான இடம், மக்கள் வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை 2005லும் 2011லும் விடுக்கப்பட்டிருந்தது. செய்தி அனுப்பப்பட்டது. லயத்துக் காம்பராவில் இருந்தவருக்கு அது எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது? வெளியேறி எங்கே போவது என்ற அவருடைய கேள்வி திரும்பி வந்ததா? அதற்கு யாராவது பதில் சொன்னார்களா? போகிற இடத்தைக் காட்டாத எச்சரிக்கை பாதித் தொடர்புதான்.

எங்கள் அம்மாயி, தப்புச் சத்தத்தைக் கேட்டே பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்களா, சாவுக்கு அடிக்கிறார்களா, திருவிழாவா என்று சொல்லிவிடுவார். கேட்பதில் கெட்டிக்காரர்கள் நம் மக்கள். தலைமுறை தலைமுறையாக மேலிருந்து வந்த அழைப்பைக் கேட்டார்கள். அவர்கள் கூப்பிட்டதை மறுபக்கம் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

இதுதான் அம்மாவுக்கு நான் சொன்ன பதில். இந்தப் போட்டியில் எனக்குக் கிண்ணம் கிடைக்கப் போவதில்லை. மெல்லிய குரலைக் கேட்கவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவும் வருடத்தில் இரண்டு நாள் என் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுத் தீட்டு" என்றார். இப்போது இரவு இரண்டு மணிக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைப்பவரும் அவர்தான்.

2014இல் அந்தப் போட்டி ஒக்டோபர் 25, 26இல் நடந்தது. அப்போது எனக்கு அது தெரியாது. இப்போது ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு வீட்டுக்கு வருகிறேன். 29ஆம் திகதி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றும் கொஸ்லந்தவில் இருக்கப் பார்க்கிறேன். அன்று ரேடியோவை நான் போடுவதில்லை.

தங்கைமாரே, என்னிடம் இருக்கும் பழைய பெட்டியொன்றை நம் பாடசாலை விஞ்ஞான கூடத்துக்குத் தர விரும்புகிறேன். அதிபர் அவர்கள் அனுமதித்தால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித் தருகிறேன். அனுமதிப்பத்திரம் எடுக்கும் வரை பேச முடியாது, கேட்கலாம். கேட்பதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரில் யாராவது உரிமம் வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் முதல் தடவை அழைக்கும்போது பதில் சொல்ல வாருங்கள்.

ரேடியோவில் விடைபெறும்போது 73 என்போம், வாழ்த்துகள் என்று பொருள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் விடைபெறும்போது மட்டும் அன்போடு சொல்ல வேறோர் எண் உண்டு. அது 33.

உங்கள் எல்லோருக்கும் 33. எங்கே, ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம்.