பிஞ்சுக் கைகளில் கணினி

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் கணினிவழிப் படைப்பாற்றலும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். தலைப்பு சற்று நீளம். செயலாளர் அவர்கள் பெயர் சூட்டுவதில் வள்ளல். நாம் கணினித்துறை படித்தவர் அல்லோம். வரலாற்றில் இளங்கலையும் அதன்பின் கல்வியியலும் பயின்று, அரசுப் பள்ளிகளில் சுண்ணக்கட்டி பிடித்தே காலம் கழித்தவர்கள். கணினி ஒன்றை நாம் முதன்முதலாக அருகில் நின்று கண்டபோது நமக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. ஆகவே இதனைக் கற்றறிந்தோர் உரையாகக் கொள்ளாது, பட்டறிந்தோர் உரையாகக் கொள்ள வேண்டுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் சிறுவனாகப் படித்த நாள்களில், அமர்வதற்குக் கோணிப்பையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டியிருந்ததையும், பள்ளிப் பணியாளர் வந்து குழாயைத் திறந்து விட்டாலொழியத் தாகம் தணிக்க முடியாதிருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். கணக்கொன்றைச் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகையின் பின்னால் உணவுப் பெட்டிகளை வைத்திருந்த மாணவர்கள் பதறியோடி அவற்றை அப்புறப்படுத்திய நிகழ்ச்சியை அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. குழாயும் கரும்பலகையும் பள்ளிக்குப் பொதுவானவை. அவற்றைத் தொடாதே என்பதே அந்தக் குழந்தைக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம்.

இன்று அவ்வாறு கூறுவது சட்டப்படி குற்றம். ஆயினும் அதே சொல்லை, வேறொரு பொருளைக் காட்டி, நம் குழந்தைகளை நோக்கி நாமே சொல்லி வந்தோம். அதனை இந்த அவையில் ஒளிக்காமல் கூறிவிடுவதே முறை.

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதை அறிவீர்கள். அவ்வாறு பெற்ற கணினிகளை, படிப்பு முடிந்து வேலையிலும் அமர்ந்தபின், நம் குடியிருப்பைச் சேர்ந்த இருவர் 2019இல் சங்கத்தின் மாலை வகுப்பிற்கு அன்பளிப்பாக அளித்தனர். மாலை வகுப்பின் பொறுப்பு அன்று நம்மிடம் இருந்தது. நாம் செய்த முதற்காரியம் என்ன? இரண்டையும் துணியில் சுற்றி, இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். சின்னப் பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும் என்பது நமது நியாயம்.

2020 மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பிள்ளைகள் மீண்டும் பள்ளி வாயிலை மிதித்தது 2021 நவம்பர் முதல் நாளில். பத்தொன்பது மாதங்களுக்கு மேல்! செல்பேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் செல்பேசியில் பாடம் கேட்டனர். நம் தெருப் பிள்ளைகளிற் பலர் ஆடு மேய்த்தனர். அதற்கு முன்பே, 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு நாட்டின் ஊரக வீடுகளில் கணினி உள்ளவை நூற்றுக்கு 4.4 என்றும், இணைய வசதி உள்ளவை 14.9 என்றும் கூறியிருந்தது. அந்த நூற்றுக்கு நான்கில் நம் தெரு வீடு ஒன்றுமில்லை என்பதை எண்ணிப் பார்க்க ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

எழுத்து மறந்து வந்த குழந்தைகளைக் கண்டபின்தான் பீரோவைத் திறந்தோம். ஒரு கணினியின் மின்கலம் உப்பிப் பருத்து, அடிமூடியையே பெயர்த்திருந்தது. பூட்டி வைத்ததனாலேயே கெட்டது! எந்தக் குழந்தையின் விரலும் அதன்மேல் பட்டதில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மற்றொரு கணினி மின்இணைப்பில் செருகினால் மட்டும் இயங்கியது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெண்மருடன் தொடங்கினோம். முதலில் நாம் செய்தது பாடப் படங்களை ஓட்டிக் காட்டியது. பிள்ளைகள் திரைப்படம் பார்ப்பதுபோல் வாய் திறந்து பார்த்தனர். இரண்டு வாரத்தில் சலித்தனர். அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த நம் இளைஞர் ஒருவர், "ஐயா, பார்க்க வைப்பதற்கு ஊரெல்லாம் தொலைக்காட்சி இருக்கிறதே, இவர்களைச் செய்ய வைக்கலாமே" என்றார். அவர்தான் நமக்குச் சீமோர் பேப்பர்ட் என்னும் கணித அறிஞரைப் பற்றிக் கூறினார்.

பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தும், அந்நாட்டின் நிறவெறியை எதிர்த்து நின்றவர். செனீவா நகரில் குழந்தை உளவியல் அறிஞர் பியாசேயுடன் பணியாற்றியபின் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சென்றார். 1967இல் தோழர்களுடன் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கணினி மொழியை ஆக்கினார். கணினிகள் அறையை அடைத்து நின்ற காலம் அது! அந்த மொழியில் ஓர் ஆமை உண்டு. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்று குழந்தை ஆணையிட்டால், ஆமை போகும் வழி கோடாக விழும். கணினி குழந்தையை ஆட்டுவிப்பதா, குழந்தை கணினியை ஆட்டுவிப்பதா என்பதே அவர் எழுப்பிய வினா. அதே கழகத்தில் மிட்செல் ரெசுனிக் என்பாரின் குழு, அவர் வழியில் நின்று 2007இல் 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் திரையிலுள்ள உருவம் நடக்கும், பேசும், பாடும். விலை கிடையாது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்கும்.

பதினெண்மருக்கு ஒரு கணினி. ஆகவே ஆமையை முதலில் களத்துமேட்டில் நடக்கவிட்டோம். ஒரு பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டி, மற்றவர்களை ஆணையிடச் சொன்னோம். "நாலடி நட, கால்வட்டம் திரும்பு, இதையே நாலு தடவை செய்" என்றால் சதுரம் வந்தது. முக்கோணம் வரவில்லை. எத்தனை முறை நடந்தும் கோடு கூடவில்லை; ஆமையாக நடந்தவன் வைக்கோற்போரில் முட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சதுரத்தில் நாலு திருப்பம் சேர்ந்து ஒரு முழுச்சுற்று ஆச்சு. அப்போ முக்கோணத்தில் மூணு திருப்பம் சேர்ந்து ஒரு முழுச்சுற்று ஆகணும்" என்றான். நாம் பட்டம் பெற்றும் கோணத்தை இவ்வாறு நமக்கு எவரும் காட்டியதில்லை. கணினியைத் தொடாமலே கணினியியலைக் கற்பிக்கும் இத்தகைய விளையாட்டுகளை நியூசிலாந்து நாட்டுப் பேராசிரியர்கள் தொகுத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆனால் அதோடு நின்றுவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஏழைப் பிள்ளைக்குக் களத்துமேடு, வசதியுள்ள பிள்ளைக்குக் கணினி என்று அது முடிந்துவிடக் கூடாது.

கட்டைகளில் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றுக்கு நேராகப் பிள்ளைகளே தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினர். இருவர் இருவராக அமர்வர். ஒருவர் சுட்டியைப் பிடிப்பார், மற்றவர் சொல்வார். பத்து நிமிடத்தில் மாற வேண்டும். இந்த விதி இல்லாவிடில் சுட்டி பையன்கள் கையைவிட்டு அகலாது என்பதை இரண்டே நாளில் கண்டுகொண்டோம்.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மேசைமேல் விரலால் ஏதோ தாளம் தட்டிக்கொண்டே கட்டைகளை அடுக்கினாள். மென்பொருளில் இருந்த மேள ஓசை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிஸ்கட் தகரம் ஒன்றை இரு குச்சிகளால் அடித்து, அந்த ஓசையைக் கணினியிலேயே பதிந்துகொண்டாள். மூன்று அடி, ஓர் இடைவெளி, இரண்டு அடி. அதனை எட்டு முறை திரும்பச் செய். அந்த எட்டையும் மறுபடி நான்கு முறை. சுழற்சிக்குள் சுழற்சி! கல்லூரியில் கணினி பயில்வோர் தடுமாறும் இடம் அது என்று அந்த இளைஞர் வியந்தார். ஒலித்தது பறையின் அடி. அவளுடைய பாட்டனார் ஒரு காலத்தில் அடித்து, பின்னர் ஊர்க் கட்டளைக்கு அடிக்க மறுத்துக் கைவிட்டது.

வாயிலில் நின்று கேட்ட சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் முகம் சிவந்தார். "வாத்தியாரே, இந்தக் கொட்டு வேணாமுன்னுதானே புள்ளைகளைப் படிக்க வெச்சோம்? அடிக்க வரமாட்டோமுன்னு சொன்னதுக்கு நாங்க பட்டது ஒமக்குத் தெரியாதா? இப்போ இந்தப் பொட்டியிலயும் அதேதானா?" என்றார். நம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அவர் கூற்றில் இருந்த நியாயம் நம் தந்தையார் முதுகிலும் எழுதப்பட்டிருந்தது. சிறுமிதான் பேசினாள். "தாத்தா, எத்தனை தடவை அடிக்கணும்னு நான்தான் சொல்றேன். நிறுத்துன்னா நின்னுடும்" என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நின்றது.

பிறர் ஏவ அடிப்பதற்கும், தானே எண்ணி இயற்றுவதற்கும் உள்ள தொலைவை நாம் நூல்களில் படித்திருக்கிறோம். அன்று கண்ணால் கண்டோம். பெரியவர் உடன்பட்டாரா என்றால் இல்லை. இன்றுவரை அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாம் சுற்றில் ஓர் அடி குறைகிறது என்று மறுவாரம் வந்து திருத்தியவரும் அவரே.

பிறவற்றைச் சுருங்கச் சொல்வோம். களிமண்ணால் குடங்கள் செய்து, சிறிது சிறிதாக நகர்த்தி, செல்பேசியில் படமெடுத்துக் கோத்தார்கள். நொடிக்குப் பத்துப் படம் என்றால் இருபது நொடிக்கு இருநூறு படம். மாலைக்கு முப்பது எடுத்தால் எத்தனை மாலை என்று அவர்களே வகுத்துக்கொண்டனர். கதை, நம் தெருக்குழாயில் நீர் வராமல் குடங்கள் வரிசையில் நின்று நின்று வயதாகிப் போவது. உரிய இடத்தில் காட்டினோம், சிரித்துப் பாராட்டினார்கள், குழாய் அப்படியேதான் இருக்கிறது. எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினோம். 1999ஆம் ஆண்டு முதல் அரசு ஏற்ற முறை அது. இடக்கைப் புறம் உயிர், வலக்கைப் புறம் மெய்; க-வையும் ஆ-வையும் தட்டினால் கா. உயிர்மெய் புரியாமல் தவித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது விரல்வழியே புரிந்தது.

இளைஞர்களே! 1953இல் சென்னை மாநிலத்தில் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதிநேரம் தகப்பன் தொழிலிலும் பயில வேண்டுமென்று ஒரு திட்டம் வந்ததையும், குலக்கல்வி என்று அதனை எதிர்த்துத் தமிழகம் எழுந்ததையும், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டதையும் அறிவீர்கள். அன்று கண்ணுக்குத் தெரிந்த திட்டம். இன்று எவரும் அறிவிக்காமலே ஒன்று நடக்கிறது. கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளை எட்டு வயதில் கணினி விளையாட்டை இயற்றக் கற்கிறது. நம் பிள்ளை எட்டு வயதில் அந்த விளையாட்டை ஆடக் கற்கிறது. பதினெட்டு வயதில் பிறர் எழுதியதைத் தட்டச்சு செய்யக் கற்று, அதனையே கணினிக் கல்வி என்று நம்புகிறது. தட்டச்சு இழிந்த தொழிலன்று. ஆனால் அந்த வாயில் ஒன்றே நமக்குத் திறந்திருப்பது ஏன் என்று கேட்க வேண்டாமா?

கண் கெடும், படிப்புக் கெடும் என்று தாய்மார்கள் அஞ்சுவது சரியே. மாலை வகுப்பில் வாரம் இருநாள், நாளுக்கு நாற்பது நிமிடம். அதற்குமேல் நாம் அனுமதிப்பதில்லை. இரவெல்லாம் செல்பேசியில் மூழ்கும் அப்பன்மாரைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவர்களும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

இன்று காலை சங்கத்தின் கணினி அறை திறந்து வைக்கப்பட்டது. வேலையிலுள்ள நம் இளைஞர்கள் திரட்டியளித்த நான்கு புதிய கணினிகள் பட்டுத்துணி போர்த்தி நிற்கின்றன. பார்த்து மனம் நிறைந்தோம். வாயிலில் ஒட்டியுள்ள விதிகளையும் படித்தோம். நான்காம் விதி, ஒன்பதாம் வகுப்பிற்குக் கீழ்ப்பட்டோர் கணினிகளைத் தொடக்கூடாது என்கிறது. எழுதிய கை எதுவென்று நமக்குத் தெரியும். நம் நெடுநாளைய நண்பர். நாம் 2019இல் செய்ததையே அவர் நல்லெண்ணத்துடன் இன்று செய்திருக்கிறார். சாவியும் நம்மைப் போலவே அவர் சட்டைப் பையில்தான் உள்ளது.

ஆட்சிக் குழுவினர் இன்று மாலையே கூடி, அந்த விதியை நீக்குமாறு வேண்டுகிறோம். ஒரு கணினி பழுதானால் பழுது பார்க்கும் செலவை நம் ஓய்வூதியத்திலிருந்து ஏற்கச் சித்தமாயிருக்கிறோம். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன என்பதால் அதுவரை ஊதியத்திலிருந்து. பட்டம் பெற்ற இளைஞர்கள் நால்வர் வாரம் இரண்டு மாலை வந்து உட்கார வேண்டும். பெயர் தருவோர் இக்கூட்டம் முடிந்ததும் நம்மிடம் தரலாம். மாலை வகுப்புப் பிள்ளைகள் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வருவார்கள். அறையின் வாயிற்சட்டத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், இன்று காலை நாமே ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறோம். சாவியை அதில் மாட்ட வேண்டியது மட்டுமே மீதி.