பொறியைக் காட்டிக் கொடுக்கும் ஏரியல்

(தஞ்சையில் மின் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1960களில் நம் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி.27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலியில் கேட்டு விதைத்த நெல் அது. அதே ரேடியோப் பெட்டி, பக்கத்து மின்கம்பத்தில் பீங்கான் பழுதானால் கரகரவென்று இரையும். பீங்கானில் தெறிக்கும் பொறி அனுப்பும் அலைதான் அந்த இரைச்சல். பொறியிலிருந்து அலை பிறக்கும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887-88லேயே நிரூபித்தார்.

இன்று சப்-ஸ்டேஷனில் ஸ்விட்ச் கியர் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. காப்புப் பொருளுக்குள் கடுகளவு காற்றுக்குமிழி இருந்தால் போதும், அதில் பொறி தெறிக்கும். நாகை, வேதாரண்யம் கரையின் உப்பும் ஈரமும் படிந்தால் மேற்பரப்பிலும் பொறி ஊரும். இதுவே பகுதி மின்னிறக்கம். பியூஸ் போகாது, ரிலே இயங்காது. கறையான்போல் உள்ளே அரித்து, ஒருநாள் வெடிக்கும். அப்போது பெட்டியின் முன் நிற்பவர் யார்? மந்திரியா? முதலாளியா? பிரேக்கரைப் போட வந்த தொழிலாளியே!

இதை முன்கூட்டியே அறிய ஏரியல் உண்டு. 1980களில் பிரிட்டனில், எஸ்.எப்.6 வாயு அடைத்த ஸ்விட்ச் கியருக்காக இம்முறை வளர்ந்தது. பொறியின் துடிப்பு நானோ வினாடிக்குள் எழுவதால், அதன் அலை 300 முதல் 3000 மெகாஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. அலைநீளம் 1 மீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை. ஆகவே ஒரே அலைவரிசையைப் பிடிக்கும் ஏரியல் போதாது. அகன்ற வீச்சைப் பிடிக்கும் தட்டு, கூம்பு, சுருள் வடிவங்கள் வேண்டும். இரும்பு அலையைத் தடுப்பதால், ஏரியலைப் பெட்டிக்குள்ளோ கண்ணாடிச் சன்னலிலோ பொருத்த வேண்டும். செல்போன் அலைகளை வடிகட்ட வேண்டும். இரண்டு ஏரியல் வைத்தால், அலை நானோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடும் கணக்கில் பொறி தெறிக்கும் இடத்தையே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் தோழர்களே, எச்சரிக்கை மணி அடித்தால் மட்டும் போதுமா? மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, பழுதை நீக்க ஆள் வேண்டாமா? காலியிடங்களை நிரப்பாமல் கருவியை மட்டும் மாட்டுவது, டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்குத் தெர்மாமீட்டர் வாங்குவதற்கு ஒப்பாகும்.

2018 நவம்பர் 16ல் கஜா புயல் சாய்த்த ஆயிரக்கணக்கான கம்பங்களை நிமிர்த்தியவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் உயிர் மலிவானதல்ல. குறுவை நாற்றுக்கு நீர் இறைக்கும் பம்புசெட்டும் அவர்கள் காக்கும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

ஆகவே நமது கோரிக்கை இதுதான்: கடலோர சப்-ஸ்டேஷன்களில் முதலில் ஏரியல் பொருத்துக! அது காட்டும் அபாயத்தைப் பெட்டியை நெருங்கும் தொழிலாளிக்கு முதலில் தெரிவித்திடுக! காலியிடங்களில் நிரந்தர ஊழியரை நியமித்திடுக! விஞ்ஞானம் உழைப்பவனின் உயிரைக் காக்கட்டும். இதற்காக மின் ஊழியரும் விவசாயிகளும் ஒன்றாக நின்று போராடுவோம்!