எதிர்காற்றில் ஒரு விமானி



காற்றோடு போவது எளிது. காற்றை எதிர்த்துத் திரும்புவதே அரிது. வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் செலுத்திய கடலோடிகளுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதலாம் உலக மகாயுத்தத்திலே பிரான்ஸ் நாட்டு வானிற் போரிட்ட விமானிகளும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அங்கே பெரும்பாலும் வீசியது மேற்குக் காற்று. யாழ்ப்பாணக் கரையோரத்தார் கச்சான் என்று வழங்குவது. அது பிரித்தானிய விமானங்களை ஜெர்மானியர் வசமிருந்த பகுதிக்குள் விரைந்து கொண்டுசென்றது. அடிபட்டுத் திரும்புவோரையோ எதிர்த்து நின்று தடுத்தது. உயிர்தப்பக் குதிப்பதற்குப் பரசூட்டும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

அவ்வானிலே பெயர் நாட்டியவர்களுள் ஒருவர் இந்திரலால் ராய் என்னும் வங்காள இளைஞர். 1898-ம் ஆண்டு டிசெம்பர் 2-ம் நாள் கல்கத்தாவிற் பிறந்து, இலண்டனிலுள்ள சென். போல்ஸ் பாடசாலையிற் கல்வி கற்றவர். விமானப் படையிற் சேர விரும்பியபோது, கண்பார்வை போதாதென்று மறுக்கப்பட்டார். தமது மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக்கொண்டு பேர்பெற்ற கண் வைத்தியரிடம் மறுபரிசோதனை செய்வித்துத் தேறினார் என்பர். 1917 யூலையில் அதிகாரியாக நியமனம் பெற்று, அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியிற் பிரான்சிலிருந்த 56-வது விமான அணியை அடைந்தார்.

டிசெம்பர் 6-ம் நாள் அவர் ஓட்டிய விமானம் நிலத்தில் வீழ்ந்து நொறுங்கியது. படுகாயமுற்ற அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இனிப் பறத்தற்குத் தகுதியற்றவர் என வைத்தியர்கள் முடிவு கூறினர். வேறொருவராயின் அதனையே ஆறுதலாகக் கொண்டிருப்பர். ராயோ ஓய்வு நாட்களில் விமானங்களைச் சித்திரமாகத் தீட்டிக்கொண்டும், மீண்டும் பறக்க அனுமதி வேண்டிக்கொண்டும் இருந்தார். அச்சித்திரங்கள் பல இன்றும் பேணப்படுகின்றன.

1918 யூனில் அனுமதி கிடைத்தது. 40-வது அணியிலே ஜோர்ஜ் மக்கெல்ரோய் என்னும் ஐரிஷ் வீரர் அவருக்குத் தலைவராக வாய்த்தார். முன்னர் நிலைகுலைந்து வீழ்ந்த இளைஞர், இப்போது நிதானமிக்க போர்வீரரானார். யூலை 6 முதல் 19 வரையான இரு வாரங்களுக்குள் 10 வான்வெற்றிகள் அவர் பெயரிற் பதிவாயின. அவற்றுள் இரண்டு பிறருடன் பகிர்ந்துகொண்டவை. யூலை 8-ம் நாள் மாத்திரம் நான்கு மணி நேரத்துள் மூன்று வெற்றிகள்!

யூலை 22-ம் நாள் கார்வென் என்னும் ஊரின்மேல் ஜெர்மானிய விமானங்களுடன் நிகழ்ந்த போரில் அவர் வீழ்ந்து மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. ஒன்பது நாட்களின் பின் மக்கெல்ரோயும் மடிந்தார். சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் விருது செப்டெம்பரில் ராயின் பெயருக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் அடக்கமான எஸ்தெவெல் என்னும் சிற்றூரிலே, கல்லறையில் வங்காள எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் போரிட்டது தம் தாய்நாட்டை ஆண்ட பேரரசின் கொடியின்கீழ். அந்த யுத்தம் அவர் நாட்டுக்கு விடுதலையைக் கொணரவில்லை. எனினும், இந்தியரால் இது இயலாது என்று கருதியோருக்கு அவர் செயலே விடையாயிற்று. 1954-ம் ஆண்டில் சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி, அவருடைய உறவினர். ராய் எதிர்காற்றிலே திறந்த வழியில், முகர்ஜி தன் நாட்டுக் கொடியோடு பறந்தார்.